ஊர்க்காரரை என்னவென்று எழுதுவது? புதிதாக எழுத வருவோருக்கு

என் ஆச்சிக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டை விட்டு அது வெளியே வந்ததே இல்லை. கயத்தாற்றில் பிறந்து கோவில்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் தெருவுக்கே அவள் ‘கயத்தாத்தா’. பக்கத்து வீட்டில் ஒரு எட்டயபுரத்தா, கோடி வீட்டில் ஒரு கடம்பூரா. கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குப் பிறந்த ஊர்தான் பெயர். ‘ஆத்தா’ என்று முடிகிறதே, அம்மா முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள் போல என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

பிறகு மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு வந்தேன். ‘ஈரோடுக்காரர்’ என்று அச்சுக்குப் போகவிருந்த ஒரு வரியில் மூத்தவர் ஒருவர் ‘டு’வை அடித்து ‘ட்டு’ என்று எழுதினார். அன்றைக்குத்தான் ஆச்சியின் பெயர் எனக்குப் பிரிந்து விளங்கியது. கயத்தாறு, கயத்தாற்று, கயத்தாற்றாள், பேச்சில் கயத்தாத்தா. தெருவில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஒருவர்கூட ‘கயத்தாறா’ என்று கூப்பிட்டதில்லை.

ஒரு நிலத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லும் இப்படிப்பட்ட சொல்லுக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் ‘நிலப்பெயர்’. சொல்லதிகாரத்தின் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை அடுக்கும் இடத்தில் வருகிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு அருவாளன், சோழியன்: அருவா நாட்டான், சோழ நாட்டான். நன்னூல் இதையே இடம் பற்றி வரும் பெயர் என்று வகைப்படுத்தும். ‘இடப்பெயர்’ என்றால் இன்று பலருக்கும் ஊரின் பெயர்தான் நினைவுக்கு வரும். அதனால் நான் தொல்காப்பியரின் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

செய்தி மேசையிலோ மொழிபெயர்ப்பிலோ விக்கிப்பீடியாவிலோ இப்போதுதான் எழுத வந்திருக்கிறீர்கள் என்றால் முதல் வாரத்திலேயே இந்தச் சிக்கல் வரும். கேரளாவைச் சேர்ந்தவர் கேரளரா, கேரளத்தவரா, மலையாளியா? கனடாவைச் சேர்ந்தவர்? வன்னியைச் சேர்ந்தவர்? அகராதியைத் திறந்தால் பாதி இருக்காது. இருப்பதும் சில நேரம் வேறொரு பொருளைச் சொல்லும். நான் பழகிய வரிசையில் சொல்கிறேன்.

1. முதலில், யாரைச் சொல்கிறீர்கள்?

ஓர் ஊரோடு மனிதருக்கு இருக்கும் உறவு ஒரே மாதிரி இல்லை. பிறந்த ஊர் ஒன்று, குடியிருக்கும் ஊர் ஒன்று, குடியுரிமை ஒன்று, மொழியும் இனமும் வேறொன்று. தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லாக நின்றாலும், தமிழுக்கு வரும்போது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

திருநெல்வேலியில் பிறந்து 30 ஆண்டுகளாகச் சென்னையில் குடியிருப்பவர் நெல்லைக்காரர், கூடவே சென்னைவாசி. ‘வாசி’ இன்று எங்கே வசிக்கிறார் என்பதை மட்டும் சொல்லும். தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்தவர்களை ‘வேளச்சேரிவாசிகள்’ என்று எழுதினால் சரி. ‘வேளச்சேரிக்காரர்கள்’ என்று எழுதினால் தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள் என்ற வாடை வரும்.

நாடுகளுக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். மலேசியர் என்றால் அந்நாட்டுக் குடிமக்கள், அதில் தமிழரும் சீனரும் அடக்கம். மலாய்க்காரர் என்றால் மலாய் இனத்தவர் மட்டும். இரண்டையும் மாற்றிப்போட்டால் செய்தியே தலைகீழாகிவிடும். இலங்கையர், சிங்களவர் கதையும் அப்படித்தான். வங்காளி என்பவர் கொல்கத்தாவிலும் இருப்பார், டாக்காவிலும் இருப்பார். வங்கதேசத்தவர் என்றால் அந்த நாட்டைச் சேர்ந்தவர். ‘தமிழ்நாட்டவர்’ வேறு, ‘தமிழர்’ வேறு என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மும்முரமாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போது இதிலும் கை வழுக்கும்.

2. ஊர்ப்பெயரின் அடியைப் பிடியுங்கள்

ஈற்றுச் சொல் சேரும் முன் ஊர்ப்பெயர் தன் உருவை மாற்றிக்கொள்ளும். வேற்றுமை உருபு சேரும்போது எப்படி மாறுமோ அப்படித்தான். அதனால் ஒரு குறுக்குவழி உண்டு: ஊரின் பெயரோடு ‘இல்’ சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சேலத்தில், ஈரோட்டில், திருவையாற்றில். அந்த ‘இல்’லை எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் அடி.

‘அம்’ என்று முடியும் ஊர்கள் ‘அத்து’ ஆகும்: சேலத்துக்காரர், கும்பகோணத்தார், யாழ்ப்பாணத்தார், நாகப்பட்டினத்தார். ‘சேலம்காரர்’ என்று இப்போது அச்சிலேயே பார்க்கிறேன். கண்ணில் மண் விழுந்த மாதிரி இருக்கிறது. ‘டு’, ‘று’ என்று முடிபவை இரட்டிக்கும்: ஏற்காட்டுக்காரர், பாலக்காட்டார், திருவையாற்றார். செங்கல்பட்டில் ஏற்கெனவே ‘ட்’ இருப்பதால் மாற்றம் ஒன்றும் இல்லை, செங்கல்பட்டுக்காரர். ‘ஊர்’ என்று முடிந்தால் வேலை சுலபம்: வேலூரார், கரூர்க்காரர், தஞ்சாவூரார். இகரமும் ஐகாரமும் ஈற்றில் வந்தால் இடையில் ‘ய்’ வரும், ‘காரர்’ சேர்ந்தால் ‘க்’ வரும்: காரைக்குடியார், மதுரைக்காரர். ‘ன்’, ‘ல்’, ‘ஸ்’ ஈற்றில் வல்லெழுத்து மிகாமலே இன்று எழுதுகிறோம்: லண்டன்காரர், நாகர்கோவில்காரர், பாரிஸ்காரர். ‘கோவிற்காரர்’ என்று புணர்த்தி எழுதுவது இலக்கணப்படி சரிதான், ஆனால் எந்த நாகர்கோவில்காரரும் அதைத் தன் ஊராக ஏற்றுக்கொள்ள மாட்டார்.

பெங்களூரில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 2014இல் அரசு முறையாகப் ‘பெங்களூரு’ என்று மாற்றியபின் சிலர் ‘பெங்களூருக்காரர்’ என்று எழுதுகிறார்கள். கண் ஓடும்போது ‘பெங்களூருக்கு’ என்று படித்துத் தடுக்கி விழுகிறது. ஊரின் பெயரைப் பெங்களூரு என்றே எழுதுங்கள், ஆளைச் சொல்லும்போது பெங்களூர்க்காரர் என்று எழுதுங்கள். மைசூருக்கும் அதேதான்.

மரூஉப் பெயர்கள், அதாவது நீண்ட ஊர்ப்பெயர் மருவிச் சுருங்கியவை, தனி. நெல்லை, கோவை, தஞ்சை, நாகை, குடந்தை எல்லாம் தலைப்புக்கு அழகு. நெல்லைக்காரர், கோவைக்காரர் என்பவை புழக்கத்திலும் நன்றாக ஊறிவிட்டன. ஆனால் கதையில் ஒரு பாத்திரம் பேசும்போது ‘நான் குடந்தைக்காரன்’ என்று எழுதாதீர்கள். கும்பகோணத்துக்காரர் வாயில் அந்தச் சொல் வராது. ராமநாதபுரத்துக்காரர் பலர் பேச்சில் ‘ராம்நாட்டுக்காரர்’தான். அங்கேயும் ‘நாடு’ ‘நாட்டு’ ஆவதைப் பாருங்கள்.

3. ஈறு எது?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சொல்ல நிறைய இருக்கிறது.

‘காரர்’ எங்கும் செல்லும் காசு. எந்த ஊரோடும் ஒட்டும், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் அது ‘அந்த ஊரில் இருப்பவர்’ என்று மட்டும் பொருள் தராது. தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ‘சிங்கப்பூர்க்காரர் வீடு’ என்று வழி சொன்னால், அந்த வீட்டு மனிதர் சிங்கப்பூரில் சம்பாதித்தவர் என்று அர்த்தம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களை ஊரார் ‘பர்மாக்காரர்’ என்றார்கள், இலங்கையிலிருந்து வந்தவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றார்கள். ‘துபாய்க்காரர்’ என்பதற்கு அராபியர் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. ஆகவே ஒரு வெளிநாட்டுக் குடிமகனைப் பற்றி எழுதும்போது ‘சிங்கப்பூர்க்காரர்’ தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு நொடி வேறு ஆளைக் காட்டிவிடும்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘சிங்கப்பூரர்’. முதலில் படித்தபோது ஒட்டவைத்த சொல் போலத் தோன்றியது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், சுந்தரர் ‘நம்பியாரூரர்’ ஆனது எப்படி? ஆரூர் + அர். அதே வாய்பாடு, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக உயிரோடு இருக்கிறது. அன்றிலிருந்து நான் தயங்காமல் சிங்கப்பூரர் என்றே எழுதுகிறேன்.

இந்த ‘அர்’ இன்று பெரும்பாலும் நாடுகளுக்கே வாய்க்கிறது: இந்தியர், சீனர், அமெரிக்கர், இலங்கையர், ஜப்பானியர். பழைய நூல்களில் ஊருக்கும் உண்டு: சீர்காழி மக்கள் காழியர், கொங்கு நாட்டார் கொங்கர். ஆனால் இன்று ‘மதுரையர்’ என்று எழுதினால் கவிதை வாசிப்பது போல் இருக்கும். செய்தியில் வேண்டாம்.

‘ஆர்’ மரியாதையும் பன்மையும் ஒன்றாய்க் கலந்தது. யாழ்ப்பாணத்தார் என்றால் ஓர் ஊர் மக்கள் முழுவதும். பட்டினத்தார் என்றால் ஒரே ஒரு துறவி. காவிரிப்பூம்பட்டினத்து மனிதர் என்பதே அவருடைய பெயராகிவிட்டது. என் காதுக்குப் பட்டது: ‘அத்து’ வாங்கும் ஊர்களில் ‘ஆர்’ பன்மையாக நன்றாக நிற்கிறது, சேலத்தார், சிதம்பரத்தார் என்று. ‘மதுரையார்’, ‘திருச்சியார்’ என்றால் மரியாதைக்குரிய ஒருவரைச் சொல்வதாகவே கேட்கிறது. அங்கே மதுரை மக்கள், மதுரைக்காரர்கள் என்று எழுதுவதே தெளிவு.

‘அவர்’ நாட்டுக்கும் மாநிலத்துக்கும் பொருந்தும்: கேரளத்தவர், வெளிநாட்டவர், நெதர்லாந்தவர். கொஞ்சம் அலுவல் வாசனை அடித்தாலும் யாரையும் புண்படுத்தாது. சந்தேகம் வந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘இ’ என்று முடிபவை வங்காளி, பஞ்சாபி, குஜராத்தி, நேபாளி. இவற்றில் பல, மொழிக்கும் ஆளுக்கும் பொதுவாக நிற்கும். ‘அவர் குஜராத்தி’ என்றால் ஆள், ‘அவருக்குக் குஜராத்தி தெரியும்’ என்றால் மொழி. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் ‘குஜராத்தியர்’, ‘குஜராத்தி மொழி’ என்று பிரித்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பேச்சில் ‘மதுரைக்காரி’ செல்லமாகவும் வரும், வம்பாகவும் வரும். அச்சில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை அப்படி எழுதினால் மரியாதைக் குறைவாகவே நிற்கும். ‘அவர் மதுரைக்காரர்’ என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ‘காரன்’ ஒருமையும் அப்படியே. பாத்திரம் பேசலாம், நீங்கள் எழுதாதீர்கள்.

4. இப்போது அகராதியைத் திறக்கலாம்

மதுரைக்காரர், விழுப்புரத்தார் என்று தேடினால் எந்த அகராதியிலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். அது அகராதியின் குறை இல்லை. இலக்கணம் தெரிந்த எவரும் தானே ஆக்கிக்கொள்ளும் சொல்லைப் பதிந்தால் ஊருக்கு ஐந்து சொல்லாகப் பல தொகுதிகள் நிரம்பிவிடும். அதனால் தானாக விளங்கும் நிலப்பெயர்களை அகராதி விட்டுவிடுகிறது. பொருள் நழுவி வேறெங்கோ போன நிலப்பெயர்களைப் பிடித்துவைக்கிறது. இத்தனை ஆண்டில் நான் கற்ற பாடம் இதுதான்: நீங்கள் ஆக்கிய சொல் அகராதியில் இல்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை. இருந்தால் நின்று முழுப் பதிவையும் படியுங்கள். அங்கே ஏதோ ஒரு கதை இருக்கிறது.

சோழியனைத் தேடிப் பாருங்கள். சோழ நாட்டான் என்பது அடிப்பொருள். ஆனால் சோழிய வெள்ளாளர், சோழியப் பிராமணர் என்று சாதிப் பிரிவுகளின் பெயராக அது நிலைத்துவிட்டது. ‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா’ என்ற பழமொழியிலும் அவர் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குத் தஞ்சாவூர், திருவாரூர் மக்களைச் ‘சோழியர்’ என்று ஒருவர் எழுதினால் வாசகர் படிப்பது வேறொன்றாக இருக்கும்.

எந்த அகராதி? வீட்டில் ஒன்று, திரையில் ஒன்று போதும். திரையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. 1939இல் அநுபந்தம் சேர்ந்தது. பெரும்பகுதி ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்தபோது வெளியானது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் காசில்லாமல் தேடலாம். 1779இல் முதலில் வந்த பாப்ரிசியசு அகராதியின் பிந்தைய பதிப்பும் 1862இல் வந்த வின்சுலோ அகராதியும் அங்கேயே உண்டு. ஒரே சொல்லை மூன்றிலும் அடுத்தடுத்துப் பார்த்தால் அதன் பொருள் எப்படி நகர்ந்தது என்று தெரியும்.

தேடும்போது ஒரு நுணுக்கம். பழைய அகராதிகள் ஆட்பெயரைப் பல இடங்களில் ‘அன்’ ஈற்று ஒருமையில் வைத்திருக்கும். சங்கப் பாட்டில் ‘வடுகர்’ என்று படித்துவிட்டு வந்தால் ‘வடுகன்’ என்றும் தேடுங்கள். ‘அர்’, ‘ஆர்’, ‘அவர்’ எல்லாவற்றையும் ‘அன்’, ‘ஆன்’, ‘அவன்’ ஆக்கிப் பார்த்த பிறகே ‘இல்லை’ என்று முடிவு செய்யுங்கள். முழுச் சொல் கிடைக்காவிட்டால் ஈற்றை மட்டும் தேடலாம். ‘காரன்’ என்பதற்கே தனிப் பதிவு உண்டு. பதிவின் கடைசியில் சுருக்கக் குறியாக இருக்கும் மேற்கோள் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எந்த நூலில், எந்தக் காலத்தில் அந்தப் பொருள் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

வீட்டில் வைத்துக்கொள்ளக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதல் பதிப்பு 1992, விரிவாக்கிய பதிப்புகள் 2008லும் 2020லும். ஊர்ப்பெயர், ஆட்பெயரை எதிர்பார்த்து அதைத் திறக்கக் கூடாது. இன்றைய எழுத்தில் ஒரு சொல் எப்படிப் புழங்குகிறது என்று வாக்கியத்தோடு காட்டும். இலங்கை வழக்கைத் தனியே குறித்துவைத்திருப்பது பெரிய உதவி.

பாட்டும் உரையும் படிக்கிறவர்களுக்கு நிகண்டு, அதாவது செய்யுளில் எழுதிய பழைய அகராதி, வேண்டும். திவாகர நிகண்டின் 12 தொகுதிகளில் இரண்டாவது மக்கட்பெயர்த் தொகுதி. குறிஞ்சிக்குக் குறவர், கானவர். முல்லைக்கு ஆயர், இடையர். நெய்தலுக்குப் பரதவர், நுளையர் என்று நிலவாரியான பெயர்களை நிகண்டுகள் அடுக்கியிருக்கும். வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதி, பெருமாள்முருகனின் கொங்கு அகராதி, கண்மணி குணசேகரனின் நடுநாட்டு அகராதி. மூன்றுமே எழுத்தாளர்கள் தங்கள் ஊர் வாயிலிருந்து எடுத்துச் சேர்த்தவை. இவற்றை நிலப்பெயருக்காகத் தேடுவதைவிட ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வாசிப்பது நல்லது, காது திறக்கும்.

5. கால் இடறும் சில இடங்கள்

மலையாளி. கேரளத்தவர் என்றுதான் நமக்கு உடனே படும். ஆனால் கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை ஆகியவற்றில் வாழும் பழங்குடியினரின் பெயரும் மலையாளிதான். மலையை ஆள்பவர் என்று பிரித்துச் சொல்வார்கள். தமிழ் பேசுகிறார்கள், அரசின் பட்டியல் பழங்குடிகளில் இருக்கிறார்கள். ஒருமுறை கொல்லிமலைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றிய மொழிபெயர்ப்பு என் மேசைக்கு வந்தது. ‘அப்பகுதியில் பெரும்பான்மையாக வாழும் கேரள மக்கள்’ என்று அதில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த ஒரே சொல்லை மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தெரிந்த பொருளில் எடுத்துவிட்டார். அச்சுக்குப் போகும் கடைசி மணி நேரத்தில்தான் கண்ணில் பட்டது. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த மக்களை ஒரு வரியில் வெளியூராராக ஆக்கியிருப்போம். இன்றும் நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

நகரத்தார். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரார், நாட்டார், நகரத்தார் என்பவை அந்தந்த அவையினரைக் குறிக்கும். நகரத்தார் என்றால் வணிக நகரத்து அவையினர். இன்றைக்கு அது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பெயர். நகரத்தில் வாழ்பவர்களைச் சொல்ல வேண்டுமானால் நகர மக்கள், நகரவாசிகள் என்று எழுதுங்கள். ‘நாட்டார்’ என்பதும் நாட்டார் வழக்காறு, நாட்டார் பாடல் என்று வேறு பக்கம் போய்விட்டது. குடிமக்களுக்கு நாட்டவர் இருக்கிறது.

வன்னி. ‘அர்’ சேர்த்தால் வன்னியர். தமிழ்நாட்டு வாசகருக்கு அது ஒரு சாதி, இலங்கை வரலாற்றில் அது வன்னிக் குறுநிலத் தலைவர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து மக்களைப் பற்றி எழுதும்போது ‘வன்னி மக்கள்’ என்று விரித்தே எழுத வேண்டும்.

பறங்கி. ஐரோப்பாவின் ‘பிராங்க்’ அரபு, பாரசீகம் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. பறங்கிமலையில் இருக்கிறது, பறங்கிப்பேட்டையில் இருக்கிறது, நம் சமையலறைப் பறங்கிக்காயிலும் இருக்கிறது. இலங்கையில் பறங்கியர் என்பது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த சமூகத்தின் இன்றைய பெயர். தமிழ்நாட்டு எழுத்தில் ‘பறங்கியர்’ பெரும்பாலும் பழைய காலத்து வெள்ளைக்காரர். எந்தக் கரையிலிருந்து எழுதுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழம்பாட்டில் இன்னும் அழகான கண்ணிகள் உண்டு. திருமங்கையாழ்வாரை ‘மங்கையர்கோன்’ என்பார்கள். பெண்களின் அரசன் என்று பொருள் எழுதி வந்த ஒரு கட்டுரையைத் திருத்தியிருக்கிறேன். திருமங்கை என்ற ஊரின் மக்கள் மங்கையர். அவர்களின் தலைவன் இவர். முத்தொள்ளாயிரத்தில் சோழனைக் ‘கோழியர் கோ’ என்று பாடியிருக்கும். கோழி என்பது உறையூரின் இன்னொரு பெயர், கோழியர் அவ்வூரார். ‘அர்’ ஈற்றுச் சொல் ஒன்று பொருத்தமில்லாமல் நிற்கிறதென்றால் முதலில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ அதற்குக் கைகொடுக்கும்.

6. அந்த ஊர்க்காரரையே கேளுங்கள்

இலக்கணம் சரி, அகராதியும் தடை சொல்லவில்லை. இன்னொரு கதவு மிச்சம். அந்த மக்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களா?

வடக்கே போனால் நம்மை ‘மதராசி’ என்கிறார்கள். தெலுங்கர், கன்னடர், மலையாளி எல்லோரையும் ஒரே சாக்கில் போடும் சொல். கேரளத்தில் ‘பாண்டி’ என்றால் நம்மைத்தான், அதிலும் மரியாதை இருக்காது. நம் மேல் விழுந்தால் எப்படிச் சுடும் என்று தெரிந்த நாம், அடுத்தவருக்கு அதையே செய்யக் கூடாது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுப்பகுதி மக்களைத் ‘தீவார்’ என்று பேச்சில் இளக்காரமாகச் சொல்வதுண்டு. எழுத்தில் தீவக மக்கள், தீவகத்தார். வட மாநிலங்களிலிருந்து இங்கே வேலைக்கு வருபவர்களை ஒரே சொல்லாக ‘பீகாரி’ என்று எழுதிவிடுகிறோம். அவர் ஒடிசாக்காரராக இருப்பார், ஜார்க்கண்டுக்காரராக இருப்பார். வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரியிடமோ அவரிடமோ ஒரு நிமிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

கேட்கும்போது ‘உங்களை என்னவென்று சொல்வார்கள்?’ என்று கேட்காதீர்கள், எழுத்துத் தமிழில் பதில் வரும். ‘வெளியூர்ல யாராவது எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்வீங்க?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘திருநெவேலிப் பக்கம்’ என்று தொடங்கி, பிறகுதான் சொந்தக் கிராமத்துக்கு வருவார்கள். யாழ்ப்பாணத்தவர் ‘நாங்கள் வடமராட்சி ஆக்கள்’ என்பார்கள். அந்த ‘ஆக்கள்’ அவர்களுடைய ‘காரர்’.

வெளிநாடுகளை விரைவாக முடித்துவிடலாம். நாடுகளில் ஏற்கெனவே நிலைத்த சொல் இருந்தால் அதை மாற்றாதீர்கள்: ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ரஷ்யர், இத்தாலியர். ஆங்கிலேயர் வேறு, பிரித்தானியர் வேறு; ஸ்காட்லாந்துக்காரரை ஆங்கிலேயர் என்று எழுதினால் பிழை. கனடாவுக்குக் ‘கனடியர்’, ‘கனேடியர்’ இரண்டும் ஓடுகின்றன. ஒரே நூலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிலைத்த சொல் இல்லாத நாட்டுக்கு ‘நாட்டவர்’ சேர்த்தால் போதும், புதுச்சொல் படைக்க அவசரம் வேண்டாம்.

7. ஒரு சீட்டு எழுதுங்கள்

தேடிக் கண்டுபிடித்ததை அப்படியே விட்டால் அடுத்த மாதம் மறுபடியும் தேடுவீர்கள். லெக்சிகன் தொகுத்தவர்களும் சீட்டுகளில்தான் சேர்த்தார்கள். நீங்களும் ஒரு நோட்டிலோ கணினிக் கோப்பிலோ சொல்லுக்கு ஒரு சீட்டாக எழுதிவையுங்கள். ஊர், அதன் அடி, நிலப்பெயர், பேச்சு வடிவம், யார் யாரைச் சொல்லும்போது வந்தது, எங்கே எப்போது கேட்டது அல்லது படித்தது. ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். வாக்கியம் இல்லாத சீட்டு ஆறு மாதத்தில் உங்களுக்கே புரியாது. நூறு சீட்டு சேர்ந்ததும் அச்சில் சான்று உள்ளவற்றை விக்சனரியில் ஏற்றுங்கள். அங்கே நிலப்பெயர்கள் இன்னும் நிறைய வர வேண்டியிருக்கிறது.

என் நோட்டின் முதல் சீட்டு இது:

கயத்தாற்றாள். பெயர்ச்சொல், பெண்பால். ஊர்: கயத்தாறு. அடி: கயத்தாற்று. பேச்சில்: கயத்தாத்தா. கயத்தாற்றில் பிறந்து வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட பெண். புகுந்த ஊரார் அழைப்பது. பிறந்த ஊரில் வழங்காது. கேட்ட இடம்: எங்கள் தெரு. வாக்கியம்: “ஏ கயத்தாத்தா, தபாலு வந்திருக்கு.”